ஆங்கில ஒழுங்கற்ற வினைகளின் கால வடிவங்கள்: நன்னூல் வழி ஒரு கற்பித்தல் நோக்கு

சேலம் நகரின் ஃபேர்லேண்ட்ஸ் பகுதி ஆனாலும் நாமக்கல் சிற்றூர் ஆனாலும், 'கோ, வென்ட், கான்' என்னும் மூன்று பத்திப் பட்டியலை அகரவரிசையில் ஒப்பித்தே நம் மாணவர் ஆங்கில ஒழுங்கற்ற வினைகளைக் கற்கின்றனர். 'டிட் நாட் வென்ட்' என்று ஒருவர் எழுதினால் பழி தாய்மொழியின் மேல் விழுகிறது. பிழைக்குக் காரணம் தமிழன்று, பட்டியலே என்பதும், தமிழ் வினையியலே அதற்கு மாற்று வழி காட்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

நிகழ்காலத்தில் இரு மொழிகளும் பெரிதும் சீரானவை. இன்றைய தமிழில் எவ்வினையும் கிறு, கின்று கொண்டே நிகழ்காலம் காட்டும். ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமைக்கு 'ஸ்' சேர்ந்தால் போதும். பி, ஹேவ், டூ, சே முதலிய சிலவே வழுவுகின்றன. சிக்கல் இறந்தகாலத்தில்தான். நன்னூல் த், ட், ற், இன் என நான்கு இறந்தகால இடைநிலைகளைச் சொல்கிறது. செய்தான், உண்டான், சென்றான், ஓடினான் என்பவற்றைத் தமிழ்க் குழந்தை பட்டியலின்றியே பிரித்தறிகிறது. விடு, விட்டான் என ஒற்று இரட்டித்தும் காலம் தோன்றும்.

இப்பயிற்சியோடு பார்த்தால் ஆங்கில வினைகள் சில குழுக்களாகப் பிரிகின்றன. கீப், கெப்ட், ஸ்லீப், ஸ்லெப்ட் என்பவற்றில் நெடில் குறுகி ஈற்றில் ஒலி சேர்கிறது. வா, வந்தான், நோ, நொந்தான் என்பவற்றின் போக்கும் அதுவே. வரலாற்றுக் காரணம் வேறாயினும் கற்பவர் காதுக்கு இது பழகிய ஒலி. கட், புட், ஹிட் என்பவை மாறுவதில்லை. சிங், சாங், ட்ரிங்க், ட்ராங்க் என உள் உயிர் மட்டுமே மாறிக் காலம் காட்டும் முறையும், வென்ட் போல வேறொரு வினையின் வடிவம் வந்து அமரும் முறையும் நமக்குப் புதியவை. வகுப்பு நேரம் இவ்விரண்டுக்கே மிகுதியாகச் செல்ல வேண்டும்.

இனி 'டிட் நாட் வென்ட்' என்னும் பிழையைப் பார்ப்போம். 'போகவில்லை' என்கிறோமே தவிர 'போனவில்லை' என்பதில்லை. எதிர்மறையில் முதன்மை வினை இறந்தகால உருவை விட்டுவிடுகிறது. 'டிட் நாட் கோ' என்பதிலும் அப்படியே. தாய்மொழியை ஒட்டிச் சிந்தித்திருந்தால் மாணவர் 'வென்ட்' எழுதியிருக்க மாட்டார். இறந்தகாலம் என்றதும் பட்டியலின் நடுப்பத்தியை எடுக்கும் பழக்கமே அதை எழுத வைக்கிறது. 'யெஸ்டர்டே ஐ புக்' போன்ற பிழையில்தான் நம் பேச்சுவழக்கின் சாயல் உண்டு. 'நேத்து டிக்கெட் புக் பண்ணுனேன்' என்னும்போது காலம் முழுவதையும் 'பண்ணு' சுமக்கிறது. ஆங்கில வினை வேர்வடிவிலேயே நின்றுவிடுகிறது. இவ்வாறு நூற்றுக்கணக்கான ஆங்கில வினைகளை அறிந்த மாணவரும் அவற்றின் இறந்தகால வடிவங்களை வீட்டில் கேட்பதில்லை.

'எப்படியும் மனப்பாடம் செய்யத்தானே வேண்டும்?' என்பர் சிலர். ஆம், ஆனால் எந்த வரிசையில் என்பதே கேள்வி. பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளைப் பின்தொடர்ந்த 2007ஆம் ஆண்டு ஆய்வொன்று, அவற்றில் 98 மட்டுமே இன்றும் அவ்வாறு நிலைப்பதாகக் கண்டது. அருகி வழங்கியவை விரைவாக 'எட்' விகுதிக்கு மாறின. அடிக்கடி வழங்கியவை பழைய வடிவைக் காத்தன. ஆகவே மாணவர் முதலில் சந்திப்பவையும் இவ்வினைகளே. அகரவரிசையோ அரிதான 'அபைட்' வினையை 'கோ'வுக்கு முன் நிறுத்துகிறது.

வழக்கு மிகுதியால் வரிசை, ஒலி ஒற்றுமையால் குழு, எதிர்மறைக்குப் 'போகவில்லை' என்னும் ஒப்பீடு: இம்மூன்றையும் கொண்டு பாடம் அமைத்தால் மனப்பாடச் சுமை குறையும். அதற்கு ஆங்கில ஆசிரியர் வினைப்பகுதியும் இடைநிலையும் அறிந்திருக்க வேண்டும். ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் தமிழ் வினையியலுக்கு இடம் கேட்பது இதனால்தான்.