வடுவும் பாரமும்: மார்பகக் குறைப்புச் சத்திரசிகிச்சையின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

சத்திரசிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் தனிமனிதரின் கைத்திறன் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மார்பகக் குறைப்புச் சிகிச்சையும் இதற்கு விலக்கன்று. இன்னார் இவ்வாண்டில் இவ்வாறு கீறினார் என்னும் பட்டியல் நமக்குக் கிடைக்கிறது. வடு ஏன் ஒரு காலத்தில் நீண்டும் பிறிதொரு காலத்தில் குறுகியும் அமைந்தது என்னும் வினாவுக்கு அப்பட்டியலில் விடையில்லை. எஞ்சிய மார்பகத்தின் பாரத்தைத் தாங்குவது தோலா, உள்ளிருக்கும் சுரப்பி இழையமா என்ற கேள்வியை முன்வைத்து நோக்குமிடத்து, அவ்வரலாறு வேறோர் ஒழுங்கிற் புலப்படும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கி.பி. 7ஆம் நூற்றாண்டிற் கிரேக்க வைத்தியரான ஏஜினாவின் போல், ஆண்களின் பருத்த மார்பைக் குறைப்பதற்கு அதன் கீழ்ப்புறத்திற் பிறைவடிவாகக் கீறிக் கொழுப்பை அகற்றித் தைக்கும் முறையை விவரித்துள்ளார். ஆயின், 1897இல் பிரான்சியரான பூசோன் செய்த சிகிச்சையில், மார்பகத்தின் மேற்புறத்திலிருந்தே தோலும் கொழுப்பும் அகற்றப்பட்டன. பாரம் குறைந்தது, வடுவோ கண்ணிற்படும் இடத்தில் நின்றது.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வைத்தியரைப் பெரிதும் வருத்தியது வடுவன்று, குருதிச்சுற்றோட்டமே. நாடி நாளங்களிலிருந்து பிரிக்கப்பட்ட முலைக்காம்பு அழிந்துபடும். 1922இல் சிக்காகோவில் மக்ஸ் தோரெக் காம்பை முற்றாக அகற்றி, ஒட்டுத்தோலாக மீளப் பொருத்தும் முறையை வெளியிட்டார். உணர்ச்சியும் பாலூட்டும் ஆற்றலும் அதற்கு விலையாயின. 1930இல் ஷ்வார்ட்ஸ்மன், காம்பைச் சூழ்ந்த தோலின் மேற்படையை மாத்திரம் சீவி நீக்கி அடித்தோலை விட்டுவைத்தாற் காம்பு பிழைக்கும் எனக் காட்டினார். பின்வந்த முறைகள் பலவும் இவ்வடித்தளத்தின்மீது எழுந்தவையே.

1956ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அமெரிக்கரான ரொபர்ட் வைஸ், மார்புக்கச்சை தைப்பதற்கான வெட்டுமாதிரிகளை அடியொற்றி, தோலின்மீது வைத்து வரைதற்குரிய அச்சொன்றை வகுத்தார். ஆயத்த உடைத் தொழிலின் அளவுமுறை இவ்வாறு சத்திரசிகிச்சைக் கூடத்துட் புகுந்தது. இதனைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியுமா? பெண்ணுடலின் வடிவம் சந்தைப் பண்டமொன்றில் ஏலவே நியமமாக்கப்பட்டிருந்தமையாலேயே அந்நியமம் கத்திக்கும் வழிகாட்டக்கூடியதாயிற்று. முறை எளிதிற் கற்பிக்கத்தக்கதாயும் விளைவு முன்னறியத்தக்கதாயும் இருந்தன. அதனால் அது உலகெங்கும் பரவியது; மிகப் பெரிய குறைப்புகளுக்கு இன்றும் பயன்படுகின்றது. ஆயின் துணியிற் செய்த கச்சையைத் தோலிற் செய்ததன் விளைவு, காம்புவட்டத்தைச் சுற்றியும் அங்கிருந்து கீழ்நோக்கியும் அடிமடிப்பு நெடுகிலும் ஓடும் நங்கூர வடிவ வடு ஆகும். தோல் துணியன்று. பாரம் இழுக்கும்போது அது நெகிழும். இழுவிசைக்கு உட்பட்ட தையல் அகன்ற வடுவாக ஆறும். நங்கூரத்தின் உள்முனை நெஞ்செலும்பை நெருங்குமிடத்தில் வடு தடித்தெழுவதும் உண்டு. கறுத்த தோலுடைய மக்களிடையே கெலோயிட் எனப்படும் மிகைவடு கூடுதலாகக் காணப்படுவதால், அவர்களைப் பொறுத்தவரை இது சிறு விடயமன்று.

மாற்றுவழி தென்னமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உருவாயிற்று. 1957இல் பிரேசிலில் அரியே, 1970இல் பிரான்சில் லசூஸ், 1990களில் பெல்ஜியத்தில் மடலின் லெஜூர் ஆகியோர் நிலைக்குத்து வடு முறையை வளர்த்தனர். லெஜூரின் முறையிற் சுரப்பி இழையத்தின் இரு தூண்களும் உள்ளேயே ஒன்றோடொன்று தைக்கப்படுகின்றன. வடிவத்தைத் தாங்குவது அவ்விழையமே. தோல் அதன்மேல் தளர்வாகப் படிகின்றது. அடிமடிப்பு நெடுகிலும் ஓடும் வடு இதனால் தவிர்க்கப்பட்டது. சத்திரசிகிச்சை முடிந்தவுடன் கீழ்முனையிற் சுருக்கங்கள் தோன்றும். அவை மறையச் சில மாதங்கள் செல்லும். உடனடித் தோற்றத்தை விட்டுக்கொடுத்து நெடுங்கால விளைவைப் பெறும் இம்முறையை ஏற்கப் பல வைத்தியர் தயங்கியதில் வியப்பில்லை. 1999இல் கனடாவின் எலிசபெத் ஹோல்-பின்ட்லி இதனை எளிமைப்படுத்தினார்.

வடு குறுகினாற் போதும் என்பாருக்கு 1990இல் பெனெல்லி வெளியிட்ட முறை நல்ல எதிர்ச்சான்று. காம்புவட்டத்தைச் சுற்றி மட்டுமே கீறிச் சுருக்குப்பை போல இழுத்துத் தைக்கும் அம்முறையில் வடு மிகக் குறுகியது. ஆயின் முழு இழுவிசையும் அவ்வட்டத்திலேயே விழுவதால், பெரிய குறைப்பிற் காம்புவட்டம் விரியவும் வடு அகலவும் கூடும். ஆழத்தோற் தையல், காகித ஒட்டுநாடா, சிலிக்கன் தகடு முதலியனவும் இவ்விழுவிசையையும் ஆறும் வடுவின் தடிப்பையும் குறைக்கும் துணைகளே. எவ்வாறாயினும், சிவந்த வடு வெளிற ஓராண்டும் அதற்கு மேலும் செல்லலாம்.

வடுவைக் குறுக்க இத்துணை உழைப்பு நிகழ்ந்த அதே காலத்தில், 1991இல் அமெரிக்காவில் ஷ்னரும் உடனாய்வாளரும் உடற்பரப்பளவுக்கும் அகற்றப்படும் இழையத்தின் எடைக்கும் உள்ள தொடர்பை அட்டவணையாக்கினர். காப்புறுதி நிறுவனங்கள் அவ்வட்டவணையை எல்லைக்கோடாகக் கொண்டு, இத்தனை கிராமுக்குக் குறைந்தால் அது அழகுச் சிகிச்சையே என்று செலவை மறுத்தன. குறித்த எடையை எட்டுவதும் வடுவைக் குறுக்குவதும் எப்போதும் ஒரே திசையில் இழுப்பனவல்ல. கழுத்துவலி, முதுகுவலி, கச்சைவார் தோளிற் பதித்த பள்ளம் ஆகியவற்றுக்கோ அவ்வட்டவணையில் நிரலேதும் இல்லை.