ஆறு குண்டும் கொஞ்சம் கொழுப்பும்

இந்த முறை பங்குச் சந்தை, பட்ஜெட் எல்லாம் இல்லை. பழைய ரிவால்வர் பற்றி ஒரு பதிவு. (கடைசியில் காமர்ஸ் வரும், கவலை வேண்டாம்.)

சாமுவேல் கோல்ட் 1836-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ரிவால்வரில் நாம் சினிமாவில் பார்க்கும் பித்தளைத் தோட்டா கிடையாது. சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து, இடித்து இறக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் பின்பக்கம் செப்புக் கேப் மாட்ட வேண்டும். தீபாவளிக் கேப் துப்பாக்கி மாதிரிதான், தட்டினால் பொறி.

கருமருந்து என்பது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதக் கலவை. எரிந்த பிறகு அதில் பாதிக்கு மேல் கசடாகத் தங்கிவிடும். கசடு காய்ந்து இறுகினால் சிலிண்டர் சுழலாது. அதை இளக்கமாக வைக்கத்தான் மாட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும். இன்று பொழுதுபோக்குக்காக இவற்றைச் சுடுபவர்களும் அதையேதான் தேடுகிறார்கள். பெட்ரோலிய கிரீஸ் தடவினால் கசடோடு சேர்ந்து தார் போல ஒட்டிக்கொள்ளுமாம். கொழுப்பு என்றதும் நமக்கு 1857 ஞாபகம் வரும். அந்த என்ஃபீல்டு துப்பாக்கியும் கருமருந்துதான். ஆனால் அங்கே கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டாவைச் சிப்பாய் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. விபரீதம் அங்கேதான்.

ரிவால்வரில் வேறொரு பயம். ஒரு அறை வெடிக்கும்போது தீ பக்கத்து அறைக்கும் தாவிவிட்டால்? குழலுக்கு நேராக இல்லாத அறைகளும் சேர்ந்து வெடிக்கும்! அதனால் குண்டு அறையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். இடித்து இறக்கும்போது மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவிக்கொண்டு வந்தால் அடைப்பு சரி என்று அர்த்தம். அதற்கும் மேலே கொழுப்பைப் பூசுவதோ, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே கொழுப்பில் தோய்த்த கம்பளி வில்லை வைப்பதோ கூடுதல் காப்பு. தீ முன்பக்கமாகத் தாவுவதில்லை, தளர்ந்த கேப் வழியாகப் பின்பக்கமாகத்தான் நுழைகிறது என்று வாதிடுபவர்களும் உண்டு. சண்டை இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் அடைப்பதுதான் புத்திசாலித்தனம். இன்னொரு விஷயம், மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கவே கூடாது, துப்பாக்கியே பிளக்கலாம். பலர் ஒரு அறையைக் காலியாக விட்டு, குதிரையை அதன்மேல் இறக்கி வைப்பார்கள்.

1847-இல் ராணுவத்துக்காகச் செய்த வாக்கர் ரிவால்வர் சுமார் 2 கிலோ எடை. ஒரு அறைக்கு 60 கிரெயின் வரை, அதாவது கிட்டத்தட்ட 4 கிராம் மருந்து! அன்றைய இரும்பு தாங்கவில்லை, பல சிலிண்டர்கள் வெடித்துப் பிளந்தன. அடுத்து வந்த டிராகூன் மாடலில் சிலிண்டரைச் சின்னதாக்கி, மருந்தையும் 50 கிரெயினாகக் குறைத்தார்கள்.

இத்தனை தொல்லையை ஏன் இவ்வளவு காலம் பொறுத்துக்கொண்டார்கள்? இங்கேதான் காமர்ஸ். பின்பக்கமிருந்து தோட்டா போட வசதியாக, அறையை முழுக்கத் துளைத்துத் திறந்த சிலிண்டருக்கு ரோலின் வைட் என்பவர் 1855-இல் காப்புரிமை வாங்கியிருந்தார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதை வளைத்துப் போட்டது. ஒரு ரிவால்வருக்கு 25 சென்ட் ராயல்டி. 1869-இல் காப்புரிமை முடியும்வரை கோல்ட் கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் பெரும்பாலான ரிவால்வர் வீரர்கள் கருமருந்தையும் குண்டையும் இடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். உலோகத் தோட்டா போடும் கோல்ட் ராணுவ ரிவால்வர் 1873-இல்தான் வந்தது.

வைட் பணக்காரர் ஆனாரா என்றால், அதுவும் இல்லை. காப்புரிமையை மீறுபவர்கள் மீது வழக்குப் போடும் செலவு அவர் தலையில் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். வந்த ராயல்டியில் பெரும்பகுதி கோர்ட்டுக்கே போனது. காலத்தை நீட்டிக்கக் கோரி அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனார். மசோதா நிறைவேறியது. 1870-இல் ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.