அபினி கலந்த குழந்தைப் பாகுகள்

இரவில் உறங்காமல் அழும் குழந்தைகளை உறங்கவைப்பதற்காக 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அபினி அல்லது மார்ஃபின் கலந்த இனிப்புப் பாகுகள் விற்கப்பட்டன. மருத்துவரின் சீட்டு தேவையில்லை. மளிகைக் கடைகளிலும் கிடைத்தன. குழந்தை சில நிமிடங்களில் அடங்கிவிடும் என்பதால் இவை நல்ல மருந்து என்றே தாய்மார் நம்பினர்.

இங்கிலாந்தில் பரவலாக அறியப்பட்டது காட்ஃப்ரே கார்டியல். அபினி, வெல்லப்பாகு போன்ற கரும்புப் பாகு, நறுமணத்துக்குச் சாசஃப்ராஸ் ஆகியவை சேர்ந்தது. மருந்துக் கடைக்காரர்கள் தத்தம் கைப்பக்குவத்தில் காய்ச்சியதால் அபினியின் அளவு கடைக்குக் கடை மாறியது. அபினி புட்டியின் அடியில் படிந்துவிடுவதும் உண்டு. மேலே இருந்ததைக் குடித்தபோது ஒன்றும் ஆகாத குழந்தைக்குக் கடைசிக் கரண்டி நஞ்சாகலாம்.

இப்பாகு ஆலை நகரங்களில் பெருகியதற்குக் காரணம் உண்டு. பெண்கள் பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே ஆலைக்குத் திரும்பினர். பகலில் பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருத்தி பல குழந்தைகளை ஒன்றாகப் பார்த்துக்கொண்டாள். இரவிலோ முழுக் குடும்பத்துக்கும் ஒரே அறை, விடியுமுன் ஆலைக்குப் புறப்பட வேண்டும். குழந்தை உறங்கினால்தான் தாய் உறங்க முடியும். எங்கெல்ஸ் 1845-இல் வெளியிட்ட ஆங்கிலத் தொழிலாளர் நிலை பற்றிய நூலில் இப்பாகைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அக்கால அறிக்கைகள் பல, தாயின் அறியாமையையும் அவள் வேலைக்குப் போவதையும் குறை கூறின. அவள் கூலி இல்லாமல் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதை அவை எளிதில் கடந்து சென்றன.

அளவு மீறியதால் மூச்சு அடங்கி இறந்த குழந்தைகள் ஒருபுறம். மறுபுறம், மெதுவாக நேர்ந்த இறப்புகள் அதிகம் கவனிக்கப்படவில்லை. அபினி பசியையும் அடக்கும். பால் கேட்டு அழாத குழந்தை நாளடைவில் மெலிந்து இறந்தது, 'பலவீனம்' என்று பதிவாகியது. 1868-ஆம் ஆண்டு மருந்தகச் சட்டம் அபினியை நஞ்சுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் காப்புரிமை மருந்துகளுக்கு விலக்கு அளித்துவிட்டது.

அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தின் பேங்கர் நகரில் 1849-இல் விற்பனைக்கு வந்தது 'திருமதி வின்ஸ்லோவின் அமைதிப் பாகு'. அனுபவமிக்க குழந்தைச் செவிலியின் செய்முறை என்று விளம்பரம் செய்யப்பட்டது. ஒரு திரவ அவுன்சில் 65 மில்லிகிராம் மார்ஃபின் இருந்தது. 6 மாதக் குழந்தைக்கு ஒரு தேக்கரண்டி என்பது புட்டியில் சொன்ன அளவு. அதாவது சுமார் 10 மில்லிகிராம். கடும் வலியில் இருக்கும் பெரியவருக்கு ஊசியில் செலுத்தும் அளவு அது. தாயும் சேயும் சிரிக்கும் வண்ண அட்டைகளும் நாட்காட்டிகளும் வீடுதோறும் சென்றன. இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் இளமையில் எழுதிய மெல்லிசைத் துண்டு ஒன்றுக்கு இப்பாகின் பெயரையே வேடிக்கையாகச் சூட்டினார்.

1906-ஆம் ஆண்டு தூய உணவு, மருந்துச் சட்டம் இதைத் தடைசெய்யவில்லை. மார்ஃபின் இருப்பதைப் புட்டியில் அச்சிட வேண்டும் என்றது, அவ்வளவுதான். 1911-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இத்தகைய பாகுகளைக் 'குழந்தைக் கொல்லிகள்' என்ற தலைப்பின்கீழ் வைத்தது. பின்னர் மார்ஃபின் நீக்கப்பட்டு, பெயரிலிருந்து 'அமைதி'யும் போயிற்று.

இந்தியாவில் அதே நிலைமை பம்பாய் பஞ்சாலைகளில் திரும்ப நேர்ந்தது. வேலைக்குச் செல்லும் தாய்மார் குழந்தைகளுக்குப் 'பால கோலி' எனப்பட்ட அபினி உருண்டைகளைக் கொடுத்தனர்.

தமிழ் வீடுகளில் நன்கறியப்பட்ட கிரைப் வாட்டரும் ஆலை நகரம் ஒன்றில் பிறந்ததே. நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் 1851-இல் உருவாக்கிய அதில் அபினி இல்லை. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, அவற்றோடு ஆல்கஹால் இருந்தது. ஆல்கஹால் பிற்காலத்தில் நீக்கப்பட்டது.