நுண்ணோக்கியிலிருந்து கோப்புக்கு

சென்ற வாரம் அம்மா மண்டபம் பக்கம் மாலை நடை போனபோது நண்பர் ஒருவர் சோர்ந்து போய் உட்கார்ந்திருந்தார். அவருடைய பேரன் ஸ்டெம் செல் ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் வாங்கியவன். இப்போது ஆராய்ச்சிகளுக்கு நிதி ஒதுக்கும் ஓர் அலுவலகத்தில் சேரப் போகிறானாம். "இத்தனை வருஷம் படிச்சிட்டு, கடைசியில உங்களை மாதிரி ஃபைல் பார்க்கப் போறானே சார்!" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. கும்பகோணத்துக்காரர் ஒருவர்தான் நினைவுக்கு வந்தார்.

எம்.எஸ். சுவாமிநாதன் 1925-ல் பிறந்தவர். குடிமைப் பணித் தேர்வு எழுதி ஐ.பி.எஸ்.ஸுக்குத் தேர்வானார். அதே சமயத்தில் யுனெஸ்கோ உதவித்தொகையும் கிடைத்தது. போலீஸ் உத்தியோகத்தை விட்டுவிட்டு, உருளைக்கிழங்கின் மரபணுவியல் படிக்க நெதர்லாந்து போனார். 1952-ல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். பிறகு அமெரிக்காவில் விஸ்கான்சினில் ஆராய்ச்சி. அங்கேயே வேலை தருவதாகச் சொல்லியும் 1954-ல் ஊர் திரும்பினார். அன்று அவருடைய உலகம் செல்லும் குரோமோசோமும்தான். குட்டைக் கோதுமையும் நார்மன் போர்லாக்கும் பிறகு வந்த கதை. 1968-ல் 'கோதுமைப் புரட்சி' என்று தபால்தலையே வெளியிட்டார்கள்.

1972-ல், 46 வயதில், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரானார். 1929-ல் தொடங்கிய அந்தக் கழகத்தை நெடுங்காலம் நிர்வாக அதிகாரிகளே நடத்தினார்கள். சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்தபோது, 1965-ல்தான் பி.பி. பால் என்ற விஞ்ஞானி முதன்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு அடுத்து வந்தவர் சுவாமிநாதன்.

வந்த சில மாதங்களிலேயே பெரிய துயரம். டெல்லியில் ஓர் இளம் வேளாண் விஞ்ஞானி, தனக்கு நியாயம் கிடைக்கவில்லை என்ற மனக்குறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். முன்னாள் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையில் குழு அமைந்தது. அதன்பின் 1973-ல் விஞ்ஞானிகளுக்கென்று தனித் தேர்வு வாரியம் வந்தது. 1975-ல் வேளாண் ஆராய்ச்சிப் பணி என்ற தனிப் பணிப்பிரிவும் உருவானது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வேலையை மதிப்பிட்டு, காலியிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உயர்வு தரலாம் என்றார்கள். மேலே ஒருவர் ஓய்வு பெற்றால்தான் கீழே இருப்பவருக்கு விடிவு என்று காத்துக் கிடந்த எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். எத்தனை பேரின் மனப்புழுக்கத்தை அந்த விதி ஆற்றியிருக்கும்!

அவர் காலத்தில்தான், 1974-ல், நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையமும் தொடங்கியது. அது புதுச்சேரியில்; நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த ஊர். இன்று அப்படிப்பட்ட நிலையங்கள் நாட்டில் 700-க்கும் மேல். கரூர் ரயிலில் போகும்போது வருமே நம் சிறுகமணி, அங்கேயும் ஒன்று இருக்கிறது.

இதற்கெல்லாம் விலை இல்லாமல் இல்லை. நுண்ணோக்கி முன் கழிய வேண்டிய நாட்கள் கூட்டங்களில் கழிந்தன. ஆனாலும், ஒரு விஞ்ஞானி தன் ஒரு மேசையை விட்டு எழுந்ததால் ஆயிரம் பேருக்கு மேசை கிடைத்தது என்றுதான் எனக்குப் படுகிறது. பிரெஞ்சில் 'பியூரோ' என்றால் மேசையும் அதுதான், அலுவலகமும் அதுதான்.

நண்பரிடம் இவ்வளவும் சொல்லிவிட்டு, இன்னொன்றையும் ஒப்புக்கொண்டேன். உள்ளே என்ன இருக்கிறதென்று புரியாமலே, 'மேலும் விளக்கம் தேவை' என்று எழுதி எத்தனையோ கோப்புகளைத் திருப்பி அனுப்பியவன் நான். அனுப்பியவர் அதற்காக எத்தனை மாதம் காத்திருந்தாரோ! கண்ணாடித் தட்டில் வளரும் செல்லோ கையெழுத்துக்காகக் காத்திருக்காது. அது தெரிந்த ஒருவன் அந்த நாற்காலிக்கு வரட்டுமே.

நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து நடக்கும்போது மட்டும், "பையன் எப்போ ஜாயின் பண்றான்னு கேட்கணும்" என்றார்.