மறுத்தவர் தந்த சான்று

டார்வினை ஏற்காதவர் என்ற ஒரே வரியில் தாமஸ் வெர்னன் வொல்லஸ்டனை (1822–1878) முடித்துவிடுவது வழக்கம். அந்த மறுப்புதான் அவருடைய சான்றுக்குக் கனம் சேர்க்கிறது என்பது என் கருத்து. நுரையீரல் நோய்க்கு மிதமான தட்பவெப்பம் தேடி 1847இல் அட்லாண்டிக் கடலிலுள்ள மதீராத் தீவுக்குப் போன இந்த ஆங்கிலேயர், அங்கே வண்டு சேர்ப்பதில் இறங்கிவிட்டார். 1854இல் அவர் வெளியிட்ட நூலும் பிறகு தந்த தகவல்களும் டார்வினுக்குப் புதையலாயின. மதீராவின் 550 வண்டினங்களில் 200 பறக்க முடியாத அளவுக்குச் சிறகு குன்றியவை. அத்தீவுக்கே உரிய 29 பேரினங்களில் 23இல் ஓர் இனம்கூடப் பறக்காது. பறந்தவை காற்றில் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டன, பறக்காதவை தங்கிப் பெருகின என்று 1859இல் டார்வின் விளக்கினார். காற்று ஓயும்வரை வண்டுகள் பதுங்கிக் கிடப்பதையும், மதீராவைவிடக் காற்று மோதும் தெசெர்த்தாஸ் தீவுகளில் சிறகற்றவற்றின் விகிதம் கூடுவதையும் கண்டு சொன்னவரும் வொல்லஸ்டனே.

இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு முடிவை மட்டும் தவறவிட்டவர், ஆகவே வெறும் சேகரிப்பாளர் என்று சிலர் சொல்லக்கூடும். உயிரினங்கள் சூழலுக்கேற்ப மாறுபடுவதை அவர் மறுக்கவில்லை; 1856இல் அதைப் பற்றியே ஒரு நூல் எழுதி டார்வினுக்குக் காணிக்கையாக்கினார். அந்த மாற்றத்துக்குப் படைத்தவன் வகுத்த எல்லை உண்டு என்று நம்பியதால்தான் 1860இல் டார்வினின் நூலை மதிப்புரையில் மறுத்தார். அந்த எல்லை விஷயத்தில் அவர் பிழைபட்டார், சந்தேகமில்லை. ஆனால் ஒரு கோட்பாட்டை நிறுவத் துடிப்பவர் எண்ணும்போது கணக்கு அந்தப் பக்கம் சாயக்கூடும். வொல்லஸ்டனுக்கு அந்த அவசரமே இருக்கவில்லை. தமக்குப் பிடிக்காத கொள்கைக்குத் துணைபோன எண்களை அவர் மறைக்கவுமில்லை.

காற்று விளக்கமே ஆட்டம் கண்டதே என்று கேட்கலாம். உண்மைதான். நிலையான, குறுகிய வாழிடங்களில் பறப்பதற்குத் தேவை குறைவு என்று அமெரிக்க வண்டியலாளர் பிலிப் டார்லிங்டன் 1943இல் வாதிட்டார். பின்னர் தென்பெருங்கடல் தீவுகளின் பூச்சிகளை அலசிய 2020ஆம் ஆண்டு ஆய்வு, அவற்றில் ஏறக்குறையப் பாதி பறக்காதவை என்றும், காற்றுக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்றும் காட்டியது. கடலுக்கு அடித்துச் செல்லப்படுவதைவிட, பலத்த காற்றில் பறக்க ஆகும் ஆற்றல் செலவையே அந்த ஆய்வு முன்னிறுத்தியது. ஆக, மாறியது விளக்கம்தான். தீவில் பறக்காத வண்டுகள் மிகுதி என்று வொல்லஸ்டன் கண்டது அப்படியே நிற்கிறது. நோயோடு மல்லாடியபடியே கனேரி, கேப் வெர்தே, செயின்ட் ஹெலினா வண்டுகளுக்கும் அவர் நூல்கள் எழுதினார். கடைசி நூல் 1877இல், அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, அச்சேறியது.