முன்தேதியிட்ட சட்டம்

காவிரியின் கிளைகள் கடலைத் தொடும் தெற்குக் கோடி முத்துப்பேட்டை. பாமணியாறும் கோரையாறும் இங்கே வந்து வேகம் இழந்து, காயலில் கலந்து, அலையாத்திக் காட்டைக் கடந்து பாக் நீரிணையில் சேர்கின்றன. நெல்லுக்கும் உப்புக்கும் நடுவே சுவரெல்லாம் கிடையாது. ஆற்றில் நல்ல தண்ணி வந்தால் வயல், வராவிட்டால் உப்பு ஏறிவிடும். அன்றைய தஞ்சை மாவட்டத்தின் இந்தக் கடலோரத்தைத் தேடித்தான் 1990களின் தொடக்கத்தில் இறால் கம்பெனிகள் வந்தன.

ஏன் வந்தார்கள்? டைகர் இறாலுக்கு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நல்ல விலை. ஏற்றுமதி லாபத்துக்கு அப்போது வருமான வரிச் சலுகை இருந்தது. கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் பண்ணை அமைக்க மானியம் கொடுத்தது. நெல்லூர் பக்கம் தாப்பர் குழுமத்தின் வாட்டர்பேஸ் இறங்கியது. அதற்கும் முன்பே ஒடிசாவின் சிலிகா ஏரியில் டாடா, மாநில அரசோடு கூட்டுச் சேர்ந்து இறங்கப் பார்த்தது; மீனவர்களும் மாணவர்களும் எதிர்த்ததால் பின்வாங்கியது. ரேஷன் அரிசியை இலவசம் என்று திட்டுகிறவர்கள் இதையெல்லாம் ஊக்குவிப்பு என்பார்கள். காசு என்னவோ ஒரே கஜானாவிலிருந்துதான் போகுது.

எதிர்த்து நின்றவர்கள் இரண்டு வயதான சர்வோதயக்காரர்கள்: ஜெகந்நாதன், அவர் மனைவி கிருஷ்ணம்மாள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு இந்தப் பக்கம் வந்து தங்கியவர்கள். 1981-ல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, மிராசுதார்களிடம் பேசி, கடன் ஏற்பாடு செய்து, நிலமில்லாத தலித் பெண்கள் பெயரில் ஏக்கர் ஏக்கராக நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். கடலோர நிலத்துக்குக் கம்பெனி விலை வந்தது அந்த நேரத்தில்தான்.

விலையோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இறால் குட்டைக்கு உப்புத்தண்ணி வேணும். அதன் உப்பைக் குறைக்க நிலத்தடியிலிருந்து நல்ல தண்ணியும் வேணும். ரெண்டையும் மோட்டார் வைத்து இறைத்துக் கலந்தார்கள். இறாலின் கழிவும் மிஞ்சிய தீவனமும் சேர்ந்த தண்ணீரைப் பக்கத்து வாய்க்காலில் திறந்துவிட்டார்கள். குடிதண்ணிக் கிணறு உப்பாச்சு. அடுத்த வயலில் நடவு நட முடியவில்லை. நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த பெண்களுக்குக் குட்டையில் வேலை இல்லை; அங்கே ஒரு காவல்காரர் போதும். மீனவர்களுக்குக் கடற்கரைக்குப் போகும் வழியே சில இடங்களில் அடைபட்டது.

சத்தியாகிரகம், உண்ணாவிரதம் எல்லாம் நடந்தது. 1994-ல் ஜெகந்நாதன் நேராக உச்ச நீதிமன்றம் போனார். நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை நீதிமன்றம் கடலோரத்துக்கு அனுப்பிக் கணக்குப் பார்க்கச் சொன்னது. இறால் விற்று வரும் வருமானத்தைவிட அதனால் ஆகும் நஷ்டம் அதிகம் என்று அறிக்கை வந்தது. 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது: உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் உள்ள பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் இடிக்க வேண்டும், விளைநிலத்தையும் அலையாத்திக் காட்டையும் குட்டையாக்கக் கூடாது, வேலை இழக்கும் பண்ணைத் தொழிலாளிக்கு 6 வருடச் சம்பளம் கூடுதல் நஷ்டஈடு. பாரம்பரிய இறால் வளர்ப்புக்கு மட்டும் விலக்கு. இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன இருக்க முடியும்!

இடிக்கவில்லை. கெடு முடிவதற்குள் மறுசீராய்வு மனுக்கள் போய்த் தடை வந்தது. அதே 1997 மார்ச்சில் பண்ணைகளைக் காப்பாற்றும் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையைத் தாண்டாமல் அது நின்றுபோனாலும், வேலை 2005-ல் முடிந்தது. சுனாமி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. முத்துப்பேட்டைக் காடு பின்னாலிருந்த ஊர்களைக் காத்தது என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்த நேரம். அந்த ஜூனில் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. பணத்தின் செல்வாக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க அதன் 27-வது பிரிவைப் படித்தால் போதும். 1991 பிப்ரவரி 19 தேதியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில், இந்தத் தடைகள் இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்ற ஒரு வரி அன்றைக்கே இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்கிறது அது. நடந்த தப்பை மன்னிப்பதுகூட இல்லை. தப்பே நடக்கவில்லை என்று 14 வருடம் பின்னால் போய் எழுதுவது.

எல்லாப் பண்ணையும் கம்பெனிப் பண்ணை இல்லைதான். ரெண்டு மூணு ஏக்கரில் கடன் வாங்கிக் குட்டை வெட்டியவர்களும் உண்டு. 1994-95-ல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து இறால் செத்து மிதந்தபோது, கம்பெனிக்காரர் வேறு தொழிலுக்குப் போக முடிந்தது, இவர்களால் முடியவில்லை. சட்டம் கேட்கும்போது மட்டும் முன்னால் நிறுத்தப்பட்டவர்கள் இவர்கள்தான்.

ஜெகந்நாதன் 2013-ல் காலமானார். 2020-ல் கிருஷ்ணம்மாளுக்கு மத்திய அரசு பத்மபூஷண் கொடுத்தது. அதே வருடம் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. எண்ணெய்க் கிணறு, தோல் தொழிற்சாலை, தாமிர உருக்காலை, கப்பல் உடைக்கும் தொழில் என்று புதிதாக வரக் கூடாதவற்றுக்கு அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. இறால் பண்ணை அந்தப் பட்டியலில் இல்லை. 2005 சட்டத்தில் அனுமதியில்லாப் பண்ணைக்கு இருந்த சிறைத் தண்டனையையும் 2023-ல் நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. இப்போது அபராதம் உண்டு, சிறை இல்லை.