ஆடியவர் ஆசானாகும் வழி



நெய்வேலியில் நின்று இந்தப் பொருளைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஒரே வேலையைச் செய்கிற இருவரில் ஒருவர் நிரந்தரத் தொழிலாளியாகவும் மற்றவர் ஒப்பந்தத் தொழிலாளியாகவும் இருப்பது என்னவென்று இந்த ஊருக்கு விளக்க வேண்டியதில்லை. உழைப்பு ஒன்றுதான், காகிதம் வேறு. கலையிலும் இதுவே நடந்திருக்கிறது. ஆடிப் பிழைத்தவர் கூத்தாடி என்று அழைக்கப்பட்டார். அதே ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கச் சான்றிதழ் வாங்கியவர் ஆசிரியர் ஆனார். இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் சாதி எப்படி வேலை செய்தது என்பதே இன்றைய நம் பேச்சு.

முதலில் சதிராட்டத்தைப் பார்ப்போம். 1930கள் வரை அதை ஆடியவர்கள் கோயிலோடும் அரண்மனையோடும் கட்டப்பட்டிருந்த பெண்கள். கற்றுக்கொடுத்தவர்கள் நட்டுவனார்கள். 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்ரா தோன்றியது. அங்கே பாடம் சொல்ல வந்தவர்கள் பரம்பரைக் கலைஞர்களே. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் சொக்கலிங்கம் பிள்ளையும் அடவு சொல்லிக் கொடுத்தார்கள். மயிலாப்பூர் கௌரி அம்மாள் அபிநயம் கற்பித்தார். 1940களில் சொக்கலிங்கம் பிள்ளை விலகிய பிறகு, அந்த நிறுவனத்திலேயே பயின்றவர்கள் தட்டுக்கழியைக் கையில் எடுத்தார்கள். ஒரே தலைமுறைக்குள் ஆசான் இடம் கைமாறிவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடியது நியாயமான போராட்டம். அதன் பயனாக 1947இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் வழக்கத்தை ஒழித்த சமூகம், ஆடிய பெண்ணுக்கு அடுத்த வேலை என்ன என்று கேட்கவில்லை. ஆண் நட்டுவனார்களுக்காவது சென்னையில் வகுப்பறைகள் கிடைத்தன. ஆடிய பெண்களில் பெரும்பாலோருக்கு அதுவும் கிடைக்கவில்லை. பாலசரஸ்வதிக்கு 1953இல் மியூசிக் அகாதெமியில் ஒரு நடனப் பள்ளி அமைந்தது. 1960களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். அவர் விதிவிலக்கு. விராலிமலை முருகன் கோயிலில் ஆடிய 32 பெண்களில் கடைசியாக எஞ்சிய முத்துகண்ணம்மாளுக்கு பத்மஸ்ரீ வந்தது 2022இல். அதற்குள் ஒரு வாழ்நாளே கழிந்திருந்தது.

இசை வேளாளருக்கே இந்த நிலை என்றால், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களின் ஆட்டத்தை என்ன சொல்வது? பறையாட்டத்தை நாட்டியம் என்றே எவரும் ஒப்பவில்லை. அது ஊழியமாகக் கருதப்பட்டது. சாவுக்கு அடிக்க வேண்டும், திருவிழாவுக்கு அடிக்க வேண்டும், கூப்பிட்டால் போக வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே பல ஊர்களில் நம் முன்னோர் முதலில் எடுத்த முடிவு, இனி அடிக்க மாட்டோம் என்பது. பறையைக் கீழே வைத்ததற்காக ஊர்விலக்கும் அடியும் பட்டார்கள். அந்த மறுப்பைத் தாண்டி நேராகக் கலைப் பெருமைக்குப் போய்விடுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

1990களில் அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த எழுச்சியில் இன்னொரு கேள்வி வந்தது. இழிவு பறையில் இருக்கிறதா, அடிக்கச் சொன்னவனின் அதிகாரத்தில் இருக்கிறதா? மதுரையில் தலித் கலைவிழாக்கள் நடந்தன. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையெடுத்து ஆடினார்கள்; பெண் கைக்கு ஆகாது என்றிருந்த தடையும் அத்துடன் உடைந்தது. பின்னர் புத்தர் கலைக் குழு போன்றவை பயிற்சி வகுப்புகளை நடத்தின. சாவு வீட்டில் அடித்த கைகள் இப்படித்தான் பாடம் சொல்லத் தொடங்கின.

ஆடத் தெரிந்தவர் எல்லோருக்கும் கற்பிக்கத் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. சேரியில் பிறந்த பிள்ளை, காதில் விழுந்தே அடியைக் கற்கிறது. கல்லூரி மாணவருக்கு அப்படி வராது. சிண்டுகுச்சியை எந்த விரலிடுக்கில் பிடிப்பது, அடிக்குச்சி எந்த இடத்தில் விழ வேண்டும், கால் எந்தச் சொல்லில் திரும்ப வேண்டும் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஒத்தையடியில் தொடங்கிச் சப்பரத்தடிக்கும் சாமிச்சாட்டு அடிக்கும் போகிற ஒழுங்கை வகுக்க வேண்டும். தோலை நெருப்பில் காய்ச்சிப் பதம் பார்ப்பதும் பாடத்தில் சேர வேண்டும். இது தனித் திறமை. அதை வளர்த்துக்கொள்ளக் கலைஞருக்கு நேரமும் கூலியும் தேவை. தன் உடம்பு அறிந்ததைத் தானே பாடத்திட்டமாக எழுதும் உரிமையும் தேவை. மாரடிப்பு அடியை வெறும் தாளக் கணக்காகச் சொல்லிக் கொடுத்தால், யார் சாவில் யார் அடித்தார்கள் என்ற வரலாறு நழுவிவிடும். அந்த வரலாற்றைச் சொல்ல வல்லவர் அடித்தவர்தான்.

நமக்குப் பக்கத்தில் சிதம்பரத்தில் 1929 முதல் இசைக் கல்லூரி இருக்கிறது. மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகள் பரதம் கற்பிக்கின்றன. அண்மை ஆண்டுகளில் கலை பண்பாட்டுத் துறை, நாட்டுப்புறக் கலைகளுக்குப் பகுதிநேரப் பயிற்சி மையங்களைத் தொடங்கியிருக்கிறது. இது முன்னேற்றம்தான். ஆனால் ‘பகுதிநேரம்’ என்ற சொல்லில் ஒப்பந்தத் தொழிலாளியின் வாடை அடிக்கிறது. பரத ஆசிரியருக்கு நிரந்தரப் பணியிடம், பறை ஆசிரியருக்குப் பகுதிநேரத் தொகுப்பூதியம் என்றால், பழைய வரிசை மாறவில்லை என்றே பொருள்.

2025ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு அறிவிக்கப்பட்டது. ஆசான் என்ற அந்தப் பெயரை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு வழங்கவில்லை. கற்றவர்கள் அழைத்து அழைத்து நிலைத்த பெயர் அது.

ஆகவே நாம் மூன்றைக் கேட்கிறோம். பள்ளிச் சான்றிதழ் இல்லாத மூத்த கலைஞர்களின் ஆட்ட அனுபவத்தையே தகுதியாக ஏற்று, ஊதியத்தோடு ஆசிரியப் பயிற்சி அளிக்க வேண்டும். பாடத்திட்டக் குழுவில் அவர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். பயிற்சி முடித்தவருக்குப் பரத ஆசிரியருக்கு உள்ள அதே பணியிடமும் அதே சம்பளமும் வேண்டும். மாணவ நண்பர்களே, பறை கற்கப் போகும்போது உங்கள் ஆசானுக்கு இந்த மாதம் எவ்வளவு கிடைக்கிறது என்று விசாரியுங்கள். கிடைக்கிற பதிலை நம் அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள். நாம் அங்கிருந்து வேலையைத் தொடங்குவோம்.

ஜெய்பீம்.